பிராக்கெட்டுக்குள் ஒரு 'கரஸ்'

கல்யாண விளம்பரங்களில் ஒரு காலத்தில் இது சகஜம். பி.காம். என்று போட்டு, பக்கத்தில் பிராக்கெட்டுக்குள் 'கரஸ்' என்று போட்டிருப்பார்கள். கரஸ்பாண்டன்ஸ் கோர்ஸ் என்பதன் செல்லப் பெயர். அஞ்சல் வழிக் கல்வி என்ற முழுப்பெயர் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பழுப்புக் கவரில் மட்டும்தான் இருக்கும். வீட்டிலும் ஆபீஸிலும் எல்லாருக்கும் அது கரஸ்தான். "ரெகுலரா, கரஸா?" என்று கேட்கிறவர் குரலிலேயே, எந்தப் பதிலுக்கு என்ன மரியாதை என்பது தெரிந்துவிடும்.

ஊரை விட்டு வந்து வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்த பிராக்கெட் இல்லாத குடும்பம் குறைவு. எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் வைத்துக்கொண்டு தில்லிக்கு ரயிலேறிய சித்தப்பா, டிப்ளமாவோடு பிலாய்க்குப் போன மாமா, கல்யாணமாகி செம்பூருக்கு வந்தபிறகு பி.ஏ. முடித்த அத்தை என்று யாராவது ஒருவர் இருப்பார். இவர்களுக்கெல்லாம் பட்டம் தபாலில்தான் வந்தது. இந்த ஏற்பாடு எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், பிறகு என்ன ஆனது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததில் எனக்குப் பட்டது இது: பாடம் நடத்துவது இதில் பெரிய சிக்கலாக இருந்ததே இல்லை. அந்தப் பட்டத்தை யார் ஏற்பது என்பதில்தான் ஆரம்பத்திலிருந்து இழுபறி. இழுத்தவை அரசு அமைப்புகள், மாட்டிக்கொண்டவர்கள் படித்தவர்கள்.

கொஞ்சம் பின்னாலிருந்தே ஆரம்பிக்கலாம். 1857இல் கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று ஊர்களிலும் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அவை பாடமே நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து, தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்புகளாகத்தான் அவற்றை உண்டாக்கினார்கள். அதே லண்டன் பல்கலைக்கழகம் அடுத்த வருஷமே, 1858இல், கல்லூரிக்கு வராதவர்களும் தேர்வு எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இங்கே அது நடக்கவில்லை. இணைப்புக் கல்லூரியில் சேர்ந்து வருகைப் பதிவு இருந்தால்தான் தேர்வு. பெண்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று சிலரை மட்டும் 'பிரைவேட்'டாக எழுத சில பல்கலைக்கழகங்கள் விட்டன. பாடமும் கிடையாது, ஆசிரியரும் கிடையாது. புத்தகத்தைத் தேடிப் பிடிப்பது அவரவர் பாடு.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்த தொழில்நுட்ப ஆட்களுக்கு மட்டும் ஒரு வழி முன்பே இருந்தது. 1920இல் தொடங்கிய இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் கல்கத்தாவிலிருந்து நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வு. செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று இரண்டு பகுதி. இரண்டையும் முடித்தால் மத்திய அரசு வேலைக்கு பி.இ.க்குச் சமம். ரயில்வே பணிமனைகளிலும் உருக்காலைகளிலும் டிப்ளமாவோடு சேர்ந்த எத்தனையோ பேர் ஷிப்ட் முடிந்து வந்து இதற்குப் படித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பேப்பராகக் கழித்துக்கொண்டே போக வருஷங்கள் ஓடிவிடும். முடித்தவரை விட்டவர் அதிகம். ஆனால் முடித்தவரைப் பார்த்து யாரும் 'கரஸா?' என்று முகம் சுளித்ததில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தபாலில் பட்டம் என்பது தில்லியில்தான் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு கல்லூரிகளில் கூட்டம் தாங்கவில்லை. புதிய கல்லூரிகள் கட்டப் பணம் இல்லை. மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் மாலைக் கல்லூரி, அஞ்சல் வழிப் படிப்பு என்றெல்லாம் யோசனை சொன்னார்கள். இதை ஆராய இயற்பியல் பேராசிரியர் டி.எஸ். கோத்தாரி தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அவர்தான் அப்போது பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யூஜிசியின், தலைவராகவும் வந்திருந்தார். குழு அவசரப்படவில்லை. ஒரே ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரே ஒரு பட்டத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்றது. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பாஸ் கோர்ஸுக்கு அஞ்சல் வழிப் பள்ளி தொடங்கியது. முதல் வருஷம் சேர்ந்தவர்கள் ஆயிரம் பேர் சுமாருக்கு. (2004இல் அதன் பெயர் 'ஸ்கூல் ஆஃப் ஓப்பன் லேர்னிங்' என்று மாறியது. இன்றைக்கு அங்கே படிப்பவர்கள் லட்சக் கணக்கில்.)

அதில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கல்லூரி மாணவருக்கு என்ன பாடத்திட்டமோ அதேதான் இவர்களுக்கும். அதே கேள்வித்தாள், அதே திருத்தம். தனிப் பட்டம் என்று எதுவும் கிடையாது. பாடங்கள் அச்சாகித் தபாலில் வரும். கூடவே பயிற்சித் தாள் வரும். எழுதி அனுப்பினால் ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார். லீவு நாட்களில் சில நாள் நேர்முக வகுப்பு. இதைத்தான் பிற்காலத்தில் பி.சி.பி. என்றார்கள்.

தில்லியில் இது ஏன் பிடித்துக்கொண்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மத்திய செயலகம் முழுக்க குமாஸ்தாக்கள். மெட்ரிகுலேஷன் படித்தால் எல்.டி.சி. ஆகலாம். அசிஸ்டெண்ட் தேர்வை நேரடியாக எழுத வேண்டுமென்றால் பட்டம் வேண்டும். கரோல்பாகிலும் லோதி காலனியிலும் ஒரு அறையை நான்கு பேராகப் பகிர்ந்துகொண்டு இருந்த நம்மாட்களுக்கு அந்தப் பட்டம் ஒரு படிக்கட்டு. மாலைக் கல்லூரி இருந்தது, ஆனால் அது ஊரோடு கட்டிப்போடும். நடுவில் நாக்பூருக்கு மாற்றல் வந்தால் படிப்பு அங்கேயே நின்றுவிடும். தபால் பாடத்துக்கு அந்தக் கவலை இல்லை. முகவரி மாறியது என்று ஒரு கார்டு போட்டால் போதும். மாற்றல் உத்யோகக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு என்ன?

1964 முதல் 1966 வரை நாட்டின் கல்வியையே மொத்தமாக ஆராய்ந்த கமிஷனுக்கும் கோத்தாரிதான் தலைவர். 1986க்குள் உயர்கல்வி மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேராவது அஞ்சல் வழியிலோ மாலைக் கல்லூரியிலோ படிக்க வழி செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது. பிறகு வரிசையாக வந்தன. 1968இல் பாட்டியாலா, 1969இல் மைசூர், 1971இல் பம்பாய். அதே 1971இல் மதுரை. 1979இல் அண்ணாமலை, 1981இல் சென்னை.

நமக்கு மதுரைதான் முக்கியம். பல்கலைக்கழகமே 1966இல்தான் வந்தது. ஐந்தே வருஷத்தில் அஞ்சல் வழிக் கல்வியில் இறங்கிவிட்டது. (காமராசர் பெயர் சேர்ந்தது 1978இல்.) தில்லியின் பாடம் ஆங்கிலத்திலும் இந்தியிலும். மதுரையின் பாடம் தமிழிலும் வந்தது. எட்டாம் வகுப்பு வரை தாராவியில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, பிறகு எப்படியோ தட்டுத்தடுமாறி மேலே வந்த ஒரு பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். கணவரோடு ஜாம்ஷெட்பூருக்கோ ஜபல்பூருக்கோ போன பெண்களுக்கும் அப்படித்தான். பக்கத்துக் கல்லூரியில் இந்தியில் நடத்துகிறார்கள் என்பதற்காகப் படிப்பை விட வேண்டியதில்லை. தமிழ் இலக்கியமே பாடமாக எடுத்துப் படித்தவர்கள் உண்டு.

அந்தப் பாடக் கட்டுகள் வருவதே ஒரு வைபவம். புக் போஸ்ட் என்பதால் மெதுவாகத்தான் வரும். முதல் கட்டுக்கு முன்னால் மூன்றாவது கட்டு வந்து சேரும். தாள் மட்டமாக இருக்கும், அச்சுப்பிழை இருக்கும். ஆனாலும் யாரும் தூக்கிப் போட்டதில்லை. ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்குப் போகும். எங்கள் காலனியில் ஒரே செட் பி.காம். பாடத்தை வைத்து நான்கு பேர் பாஸ் செய்தார்கள். ஐந்தாமவர் பாடத்திட்டம் மாறியதைக் கவனிக்காமல் அதையே படித்து எழுதப் போனது தனிக்கதை :-)

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அஞ்சல் வழிக் கல்வி பல்கலைக்கழகங்களுக்கு நல்ல வருமானம். கட்டடம் வேண்டாம், விடுதி வேண்டாம். கட்டணம் மட்டும் வந்துகொண்டிருக்கும். மானியம் பற்றாத மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு இந்தப் பணம்தான் கைகொடுத்தது. தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருமானத்துக்காக என்று ஆனபிறகு, ஊருக்கு ஊர் மையம் திறப்பதில் போட்டி வந்துவிட்டது. தில்லி, மும்பை, பெங்களூர் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மாடிப்படிக்குப் பக்கத்தில் இன்னொரு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் போர்டு தொங்கியதைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் நிஜமாகவே வகுப்பு நடந்தது. சிலவற்றில் பணம் கட்டும் ஜன்னல் மட்டும் இருந்தது.

இதற்கிடையில் 'திறந்தநிலை' என்ற புது வார்த்தை வந்தது. பிரிட்டனில் 1969இல் ஓப்பன் யுனிவர்சிடி வந்து பெரிதாகப் பேசப்பட்டது. இங்கே அதைக் கையில் எடுத்தவர் ஜி. ராம் ரெட்டி என்ற அரசியல் அறிவியல் பேராசிரியர். 1982இல் ஹைதராபாத்தில் ஆந்திரப் பிரதேச திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. நாட்டிலேயே முதலாவது. (1991இல் அம்பேத்கர் பெயர் வைத்தார்கள்.) பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் ஒரு நுழைவுத் தேர்வு எழுதி பட்டப்படிப்பில் சேரலாம். தெலுங்கில் பாடம், வானொலியில் பாடம். அதைப் பார்த்துவிட்டு மத்திய அரசு 1985இல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை, நம் வாயில் இக்னோவை, உண்டாக்கியது. அதற்கும் முதல் துணைவேந்தர் ராம் ரெட்டிதான். 1987இல் இரண்டே டிப்ளமாக்களோடு, மேலாண்மை ஒன்று, தொலைநிலைக் கல்வி ஒன்று, 4,528 மாணவர்களோடு படிப்பு ஆரம்பமானது.

ராம் ரெட்டிக்குப் பிறகு 1990இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் நம் வா.செ. குழந்தைசாமி. அதற்கு முன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும், ஒன்பது வருஷம் அண்ணா பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தர். நீரியல் இன்ஜினியர். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியவர், எழுத்துச் சீர்திருத்தம் பேசியவர். தொலைநிலைக் கல்விக்கென்று டி.இ.சி. என்ற கவுன்சில் இக்னோவுக்குள்ளேயே உருவானது அவர் காலத்தில்தான். நாட்டில் தபாலிலும் திறந்தநிலையிலும் நடக்கும் படிப்புகளுக்குத் தரம் நிர்ணயிப்பது அதன் வேலை. பிறகு 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தபோது அதன் பொறுப்பும் அவரிடம் வந்தது. வெளிநாட்டில், வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் கற்றுக்கொடுப்பது என்ற யோசனையை, பாதிப் பேர் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் செய்யத் துணிந்தார்கள். இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம்.

இக்னோ பழைய கரஸ் மாதிரி இல்லை. முதலில் புத்தகங்கள். கட்டிப்போட்ட நோட்ஸ் மாதிரி இல்லாமல், எதிரில் ஆசிரியர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதியிருப்பார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும், ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிப்பவர்களும் அதைத் தேடி வாங்கினார்கள். இரண்டாவது, அசைன்மெண்ட். பெரும்பாலான படிப்புகளில் அதற்கு 30 சதவீத மதிப்பெண். கையால் எழுதி மையத்தில் கொடுத்து முத்திரை போட்ட ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, கிரெடிட் கணக்கு. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. இந்த வருஷம் வேலைப்பளு என்றால் குறைவாக எழுதலாம், அடுத்த ஜூனிலோ டிசம்பரிலோ மீதியைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று வருஷப் பட்டத்தை ஆறு வருஷம் வரை இழுக்கலாம். வேலைக்குப் போகிறவனின் வருஷம் எப்படி இருக்கும் என்று தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாதவர்களுக்கு பி.பி.பி. என்று ஒரு தயாரிப்புப் படிப்பு. அது முடித்தால் பி.ஏ.

அந்தக் காலத்து பி.ஏ.வில் மொழி அடித்தளப் பாடமாகத் தமிழும் இருந்தது. எஃப்.டி.எம்.-1 என்று பெயர். தில்லியில் உட்கார்ந்துகொண்டு தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழை ஒரு தாளாக எழுதலாம். ஆனால் அதோடு சரி. வரலாறு, பொருளாதாரம் எல்லாம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான். தமிழிலேயே முழுப் பட்டமும் வேண்டும் என்பவர் மதுரையையோ அண்ணாமலையையோதான் தேடிப் போக வேண்டும்.

இனி பட்டத்தை யார் ஏற்பது என்ற கதை.

1985இல் யூஜிசி ஒரு விதி கொண்டுவந்தது. தொலைநிலையில் முதல் பட்டம் படிக்க 12 வருஷப் பள்ளிப்படிப்பு வேண்டும். அது இல்லாதவர் 21 வயதாகியிருந்தால் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். நியாயமான விதிதான். ஆனால் சில பல்கலைக்கழகங்கள் இன்னும் ஒரு படி தாண்டின. பி.ஏ.வே இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலையில் எம்.ஏ. சேரலாம் என்றன. ஆயிரக் கணக்கானோர் சேர்ந்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இப்படி எம்.ஏ. வாங்கிய ஒருவரைத் தமிழக அரசு ஒரு பதவியில் நியமித்தது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009இல் தீர்ப்பு. முதல் பட்டம் இல்லாத அந்த எம்.ஏ. அந்தப் பதவிக்குச் செல்லாது, யூஜிசி விதி திறந்தநிலைப் படிப்புக்கும் பொருந்தும், டி.இ.சி. பிற்பாடு அனுமதி கொடுத்தாலும் அது குறையைச் சரிசெய்யாது. அந்த ஆகஸ்டிலேயே தமிழக அரசு 107ஆம் எண் அரசாணை போட்டது. பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டங்களை அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்பதில்லை என்று.

சட்டப்படி பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. பி.ஏ. இல்லாமல் எம்.ஏ. என்பது எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் விளம்பரம் கொடுத்தது அரசுப் பல்கலைக்கழகம். கட்டணம் வாங்கியதும் தேர்வு நடத்தியதும் அதுவே. பட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் துணைவேந்தர். இதில் சேர்ந்தவர் எந்த விதியை எங்கே போய்ப் பார்த்திருக்க முடியும்? எட்டாம் வகுப்போடு வேலைக்குப் போய், நாற்பது வயதில் நுழைவுத் தேர்வு எழுதி ஒழுங்காக மூன்று வருஷம் பி.ஏ. படித்தவரும் அந்த அரசாணையில் அடிபட்டார் என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அப்படிப்பட்டவருக்காகத்தான் திறந்தநிலை என்ற யோசனையே வந்தது.

அடுத்தது எல்லை. இது நேராக நம் தலையில் விழுந்தது. சத்தீஸ்கரில் ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு நூற்றுக்கு மேல் தனியார் பல்கலைக்கழகங்களைத் திறந்துவிட்டார்கள். விஞ்ஞானி யஷ்பால் வழக்குப் போட்டார். 2005இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. ஒரு மாநிலச் சட்டத்தில் உருவான பல்கலைக்கழகம் அந்த மாநிலத்துக்கு வெளியே மையம் நடத்த முடியாது என்ற கருத்தும் அதில் இருந்தது. 2013இல் டி.இ.சி.யைக் கலைத்துவிட்டு அதன் வேலை யூஜிசிக்குப் போனது. அந்த ஜூனில் யூஜிசி எல்லைக் கொள்கையைக் கறாராக அறிவித்தது. மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் மாநிலத்துக்குள்ளே. மாநிலத்துக்கு வெளியே இருந்த மையங்கள் ஒவ்வொன்றாக மூடின.

போலி மையங்கள் ஒழிந்தன என்று மகிழ்ச்சிதான். மாடிப்படி போர்டுகள் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தொலைநிலைக் கல்வி என்பதற்கு என்ன அர்த்தம்? தொலைவில் இருப்பவனுக்கு. மதுரையில் இருப்பவனுக்கு மதுரைப் பல்கலைக்கழகம் தபாலில் பாடம் அனுப்பலாம், மாதுங்காவில் இருப்பவனுக்கு அனுப்பக்கூடாது என்றால் என்ன கணக்கு இது? மராட்டியருக்கு அவர்கள் மாநிலத்தில் நாசிக்கில் 1989இல் வந்த யஷ்வந்த்ராவ் சவான் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் ஊரில் 2002இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவருக்கு, அதாவது மராட்டிய மண்ணில் தமிழில் படிக்க நினைக்கும் தொழிலாளிக்கு, இக்னோதான் மிச்சம். அது ஆங்கிலத்தில். போலியை ஒழிக்க மையங்களைச் சோதித்திருக்கலாம், தேர்வை இறுக்கியிருக்கலாம். வரைபடத்தில் கோடு போட்டது சுலபமான வழி, அவ்வளவுதான். நாற்பது வருஷமாக வெளிமாநிலத் தமிழருக்குத் தமிழில் பட்டம் வந்துகொண்டிருந்த வழி அதோடு அடைபட்டது. ஒரு போராட்டம், ஒரு கடிதம்கூட இல்லாமல். புலம்பெயர்ந்தவனுக்கு எந்தச் சட்டசபையிலும் தொகுதி கிடையாதே.

மூன்றாவது அடிதான் பெரிய அடி. டிப்ளமா படித்து வேலையில் இருப்பவர்கள் ஏ.எம்.ஐ.இ. எழுதினார்கள் என்றேன் அல்லவா? அது கஷ்டம். 2000க்குப் பிறகு நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையிலேயே பி.டெக். கொடுக்க ஆரம்பித்தன. ராஜஸ்தானில் இரண்டு, அலகாபாத்தில் ஒன்று, நம் சேலம் விநாயகா மிஷன்ஸ் ஒன்று. தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி இல்லை. டி.இ.சி. பிற்பாடு அனுமதி கொடுத்தது. அதை நம்பி அரசுத் துறைகளில் ஜூனியர் இன்ஜினியர்களாக இருந்தவர்கள் படித்தார்கள், பதவி உயர்வும் வாங்கினார்கள். ஒரிசா உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2017 நவம்பர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்படும். ஏ.ஐ.சி.டி.இ. வைக்கும் தேர்வில் தேறினால் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து.

நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள், பொறுப்பான பதவிகளில் இருப்பவர்கள், 2018 கோடையில் உட்கார்ந்து மறுபடி இன்ஜினியரிங் தேர்வு எழுதினார்கள். தேர்வு முடிவு வரும்வரை வேலையில் நீடிக்கலாம் என்று ஜனவரியில் ஒரு சின்ன அவகாசம் மட்டும் கிடைத்தது. செய்முறைக்கூடம் இல்லாமல் இன்ஜினியரிங் கற்க முடியாது என்று நீதிமன்றம் கருதியது சரிதான். பாலம் கட்டுகிறவருக்குத் தபால் பட்டம் போதாது. ஆனால் பத்துப் பதினைந்து வருஷம் இதை யாருமே பார்க்கவில்லையா? கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பில் இருந்தது. போன வருஷங்களை யார் தருவது?

இதில் சோகம், பழைய கண்ணியமான வழியும் அதற்குள் போய்விட்டிருந்தது. 2013 மே 31க்குப் பிறகு ஏ.எம்.ஐ.இ.யில் சேர்ந்தவர்களுக்கு பி.இ.க்குச் சமம் என்ற அங்கீகாரம் கிடையாது என்று அரசு முடிவு செய்துவிட்டது. அதை ஈடுகட்டுகிற மாதிரி, வேலையில் இருப்பவர்களுக்கென்று மாலையில், வார இறுதியில் வகுப்பு வைத்து பி.இ. நடத்தலாம் என்று ஏ.ஐ.சி.டி.இ. கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்க ஆரம்பித்தது 2023இல்தான். பக்கத்தில் அப்படி ஒரு கல்லூரி இருந்தால் அதிர்ஷ்டம். மாற்றல் வந்தால் மறுபடி பழைய கதை.

இப்போதைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் யாராவது சேர நினைத்தால் உதவும். 2020இல் யூஜிசி தொலைநிலைக்கும் ஆன்லைனுக்கும் சேர்த்து ஒரே விதி கொண்டுவந்தது. 2022 செப்டம்பரில், அனுமதி பெற்ற நிறுவனத்தில் இந்த இரண்டு முறையிலும் வாங்கும் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மறுபடியும் தெளிவாக அறிவித்தது. அதே வருஷம் மார்ச்சில்தான், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அனுமதி இருந்தது என்று ஒரு எச்சரிக்கை அறிவிப்பும் வந்தது. இத்தனை வருஷம் கழித்து. எனவே பல்கலைக்கழகத்தின் பெயரும் பழைய புகழும் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, நீங்கள் சேரும் குறிப்பிட்ட வருஷத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்க்க வேண்டும். பார்த்த பக்கத்தை அச்செடுத்து மார்க் ஷீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருஷம் கழித்து ஒரு ஆபீஸர் கேட்பார்.

ஆன்லைன் பட்டத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. சேலத்திலிருந்தும் சேரலாம், சிலிகுரியிலிருந்தும் சேரலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவும் ஆன்லைன் படிப்புகளுக்கு அனுமதி வாங்கியிருக்கின்றன. ஆக, 2013இல் போட்ட கோட்டை 2020இல் ஒரு பக்கமாக அழித்திருக்கிறார்கள். அதில் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே எழுதும் பட்டங்கள் எத்தனை வரப்போகின்றன என்பதைப் பொறுத்திருக்கிறது, மாதுங்காக்காரருக்கு இதனால் லாபமா இல்லையா என்பது. 2024 முதல் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேரும் ஒவ்வொரு மாணவரும் யூஜிசி தளத்தில் டெப் ஐ.டி. என்று ஒரு எண் வாங்கிக்கொண்டுதான் சேர முடியும். அனுமதி இல்லாத படிப்பில் சேர்ந்துவிடாமல் தடுக்க என்கிறார்கள். 1962இல் தில்லியில் செய்திருக்க வேண்டிய காரியம். கம்ப்யூட்டர் இல்லை என்று வேண்டுமானால் மன்னித்துவிடலாம்.